பின்னுகிற கைக்கும் கணக்கு உண்டு

இந்த மாதப் பாடம்: நார், நூல், ஓலைக் கைவேலை



நம் குழுக்களில் கைவேலை தெரியாத உறுப்பினரைப் பார்ப்பது அரிது. ஒருவர் வயர் கூடை போடுவார். ஒருவர் குரோஷா ஊசியில் மேசை விரிப்பு பின்னுவார். ஒருவர் பழைய சேலையைக் கிழித்து வாசலுக்குக் கால்மிதி செய்வார். வயதான ஆச்சிமாருக்குப் பனை ஓலையில் பெட்டி முடையத் தெரியும், நாரில் கட்டில் பின்னத் தெரியும். யாரும் பள்ளிக்கூடத்தில் போய் இதைப் படித்ததில்லை. அம்மா செய்வதைப் பார்த்து, அத்தை செய்வதைப் பார்த்து, பத்து வயதில் பிடித்த ஆசை. அறுபது வயதிலும் விடுவதில்லை.

ஆனால், "நீங்க என்ன வேலைக்கா செய்யிறீங்க?" என்று கேட்டால் இந்த வேலையை யாரும் சொல்வதில்லை. "தீப்பெட்டி ஆபீஸ்", "பட்டாசு ஆபீஸ்", "காட்டு வேலை" என்றுதான் பதில் வருகிறது. கையில் இருக்கிற கூடையைக் காட்டிக் கேட்டால், "இதுவா? இது சும்மா கெடக்குற நேரத்துல செய்யிறது" என்கிறார்கள்.

அந்த "சும்மா" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தப் பாடம். வாழ்நாள் முழுக்க ஆசையாகச் செய்கிற ஒரு வேலையை நாமே சும்மா என்று சொன்னால், வாங்க வருகிறவரும் அப்படித்தான் நினைப்பார், சும்மா விலைக்குக் கேட்பார். நம் பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை என்று நினைப்பார்கள். நமக்குப் பின்னால் அந்த வித்தை இருக்காது.

1. நம் கையில் ஏற்கெனவே இருக்கும் வித்தை

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கத்துச் சகோதரிகளுக்கு ஒரு கேள்வி. பட்டாசு ஆலையில் பெண்கள் அதிகமாகச் செய்த வேலைகள் என்னென்ன? சரம் பின்னுவது, வெடிக்குச் சணல் சுற்றுவது, திரி வெட்டுவது, திரி செருகுவது. யோசித்துப் பாருங்கள். சரம் பின்னுவது நூல் வேலை. சுற்றுகிற சணல் ஒரு நார். திரியும் நூல்தான். மருந்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் இவை எல்லாம் பின்னல் வேலையும் முடிச்சு வேலையும்தான்.

ஒரே இழுப்பு, ஒரே இறுக்கம், ஒரே இடைவெளி. ஆயிரம் முறை செய்தாலும் மாறாது. அந்தக் கை சும்மா வந்துவிடவில்லை. பீஸ் ரேட்டில் உட்கார்ந்து பல வருடம் பழகிய கை. ஆனால் ஆலைக் கணக்கில் அந்தத் திறமைக்குத் தனியாகப் பெயர் இல்லை. எத்தனை சரம் என்ற எண்ணிக்கை மட்டுமே உண்டு.

2. சரத்துக்கு வந்த தடை

2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. பேரியம் கலந்த பட்டாசுக்குத் தடை வந்தது. ஒன்றோடு ஒன்று கோத்துப் பின்னிய சரவெடியைத் தயாரிக்கவும், விற்கவும், வெடிக்கவும் தடை வந்தது. பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு சிவகாசி வட்டாரத்தில் ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்தது உங்களுக்கே தெரியும். 2023 செப்டம்பரில் மீண்டும் கேட்டபோதும் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கு அனுமதி தர மறுத்துவிட்டது.

தீர்ப்பு சரியா தவறா என்று வாதாடுவது இந்தப் பாடத்தின் நோக்கம் அல்ல. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பின்னுகிற கையை நம்பிப் பிழைத்த பெண்களுக்கு, பின்னல் வேலையே சட்டப்படி இல்லாமல் போனது.

இந்த நிலையில் சில இடங்களில் ஆட்கள் வீடு தேடி வந்து, "வீட்லயே வச்சுப் பின்னிக் குடுங்க, கூடக் காசு தாரோம்" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். உரிமம் பெற்ற இடத்தைத் தவிர வேறு எங்கேயும் பட்டாசு வேலை செய்வது சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய விஷயம், வீட்டில் அடுப்பு இருக்கிறது, விளக்கு இருக்கிறது, குழந்தை இருக்கிறது. ஒரு பொறி போதும். எத்தனை ரூபாய் கூடக் கொடுத்தாலும் அந்த வேலைக்கு நம் வீட்டு வாசலில் இடம் இல்லை என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

வீட்டில் வைத்துப் பின்னக் கூடிய பொருள்கள் வேறு இருக்கின்றன. ஓலை, நார், நூல், பழைய துணி. இவற்றிலும் தீ வைக்கிற இடத்தில் கவனம் வேண்டும்தான். ஆனால் இவை தாமாக வெடிப்பதில்லை.

3. மூன்று இடத்துப் பெண்கள் சொல்லும் பாடம்

(அ) செட்டிநாட்டுக் கொட்டான்: நின்றுபோன கைவேலை திரும்பி வந்த கதை

நமக்குப் பக்கத்து மாவட்டம் சிவகங்கை. அங்கே காரைக்குடி வட்டாரத்தில் நகரத்தார் வீட்டு ஆச்சிமார் பனை ஓலையில் கொட்டான் முடைவார்கள். ஓலைக்குச் சாயம் ஏற்றி, கட்டம் கட்டமாக நிறம் வைத்துப் பின்னுவார்கள். கல்யாணம், சீர் என்று வீட்டு விசேஷங்களுக்கு அது வேண்டும். விற்பதற்காக அல்ல, தங்கள் வீட்டுக்காகவே செய்தார்கள்.

பிறகு பிளாஸ்டிக் கூடையும் எவர்சில்வர் தூக்கும் வந்தன. குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. கொட்டான் முடையத் தெரிந்தவர்கள் முதியவர்களில் சிலர் மட்டும் என்ற நிலை வந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் விசாலாட்சி ராமசாமி என்பவர் எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாச்சார அறக்கட்டளை மூலம் இந்த வேலையைத் திரும்பக் கொண்டுவர முயற்சி எடுத்தார். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பழைய கொட்டான்களைப் பார்த்து அதே வடிவம், அதே நிறச் சேர்க்கையைக் கற்றுக்கொடுத்தார்கள். இன்றைக்கு வேண்டிய அளவுகளிலும் செய்ய வைத்தார்கள். யுனெஸ்கோவின் கைவினைத் தர முத்திரை இந்தக் கொட்டானுக்குக் கிடைத்தது. செட்டிநாடு கொட்டான் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதில் நமக்கு உள்ள பாடம்: ஆசை மட்டும் இருந்தபோது அந்தக் கைவேலை அழியும் நிலைக்கு வந்தது. கற்றுக்கொடுக்க ஆள், ஒரே மாதிரியான தரம், உழைப்புக்குக் கூலி மூன்றும் சேர்ந்தபோதுதான் அது பிழைத்தது.

(ஆ) தோடர் பெண்களின் பூத்தையல்: வரையாமல் எண்ணிச் செய்யும் கை

நீலகிரியில் தோடர் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் போர்த்திக்கொள்ளும் கனத்த வெள்ளைப் போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். அதில் சிவப்பு, கறுப்பு நூலால் தோடர் பெண்கள் பூத்தையல் போடுகிறார்கள். துணியில் பென்சிலால் வரைந்துகொள்வது கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசியை விடுகிறார்கள். முடிந்த பிறகு பார்த்தால் தறியிலேயே நெய்தது போல இருக்கும். 2013-இல் தோடர் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நாம் கோலத்துக்குப் புள்ளி எண்ணுகிறோம் இல்லையா? வயர் கூடைக்கு முடிச்சு எண்ணுகிறோம் இல்லையா? அதே கணக்குத்தான். "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிக்கொண்டே இருபத்தொரு புள்ளிக் கோலம் போடுகிற சகோதரிகள் நம்மிடம் நிறையப் பேர். இழையை எண்ணத் தெரிந்தவருக்கு ரூபாயையும் நேரத்தையும் எண்ண வராதா?

(இ) மிருணாளினி முகர்ஜி: கயிற்று முடிச்சிலேயே வாழ்ந்த பெண்

மூன்றாவது நம் நாட்டின் பெரிய சிற்பி ஒருவர். பெயர் மிருணாளினி முகர்ஜி. 1949-இல் பம்பாயில் பிறந்தார். அப்பா பினோத் பிஹாரி முகர்ஜி பெரிய ஓவியர். அவருக்குக் கண் பார்வை முழுவதும் போன பிறகும் தொட்டுத் தடவியே கலை வேலை செய்தவர். அம்மா லீலா முகர்ஜி மரச் சிற்பம் செய்தவர். மிருணாளினி பரோடாவில் கே.ஜி. சுப்பிரமணியன் என்ற ஆசிரியரிடம் படித்தார். கிராமத்துக் கைவேலையையும் கலை என்று மதித்த ஆசிரியர் அவர்.

அந்தக் காலத்தில் சிற்பி என்றால் கல், மரம், உலோகம். இந்தப் பெண் கையில் எடுத்தது சணல் கயிறு. 1970-களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 25 ஆண்டுகள் கயிற்றில் முடிச்சு போட்டே ஆள் உயரத்துக்கும் மேலான உருவங்களைச் செய்தார். கயிறுகளைச் சாயம் ஏற்றி, தரம் பிரித்து, ஒவ்வொரு முடிச்சாகக் கையால் போடுவார். முன்கூட்டியே படம் வரைந்துகொள்ள மாட்டார். ஒரு உருவம் முடிய மாதக்கணக்காகும். சிலவற்றுக்கு ஒரு வருடம்கூட ஆகும். யட்சி, வனஸ்ரீ என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்.

கயிறும் முடிச்சும் கைவேலைதானே, இது கலையா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர் விடவில்லை. பின்னாளில் களிமண்ணிலும் வெண்கலத்திலும் வேலை செய்தார். 2015 ஜனவரியில் டெல்லியில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் வேலைகளைத் திரட்டிக் கண்காட்சி வைத்தார்கள். திறந்த சில நாட்களில், பிப்ரவரி 2-ஆம் தேதி, அவர் இறந்துபோனார். 2019-இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் அவருடைய கயிற்றுச் சிற்பங்களைக் கண்காட்சியாக வைத்தது.

அவர் வசதியும் படிப்பும் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். நம் நிலைமை வேறு. நமக்கு அடுப்பையும் பார்க்க வேண்டும், ஆலைக்கும் போக வேண்டும். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் போட்ட முடிச்சும் நாம் கூடைக்குப் போடுகிற முடிச்சும் ஒரே குடும்பம். அவர் தன் வேலையைச் சும்மா என்று சொல்லவில்லை. அந்த ஒரு பழக்கத்தை நாம் அவரிடம் எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் காசு தேவையில்லை.

4. நம் கரிசல் காட்டின் பொருள்: பனை

வயர் கூடைக்கு வயர் கடையில் வாங்க வேண்டும். குரோஷாவுக்கு நூல் வாங்க வேண்டும். ஆனால் பனை நம் மாவட்டத்திலேயே நிற்கிறது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-ஆம் ஆண்டு வேளாண் பட்ஜெட்டில், பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடையும் இருக்கிறது. அதனால் பலகாரம், கருப்பட்டி, தாம்பூலம் போட்டுக் கொடுக்க ஓலைப் பெட்டியை மறுபடியும் தேடுகிறார்கள்.

இளைய உறுப்பினர்களுக்காகப் பனையின் பின்னல் பொருள்களைச் சொல்லிவிடுகிறேன். மூத்தவர்களுக்கு இது தெரிந்ததுதான்.

• குருத்தோலை: விரியாத இளம் ஓலை. வெளிர் நிறமாக, மெதுவாக இருக்கும். சாயம் நன்றாகப் பிடிக்கும். சிறிய பெட்டி, கொட்டான், கிலுகிலுப்பை போன்ற நுண்ணிய வேலைக்கு இது.

• சாரோலை: முற்றிய ஓலை. கூரைக்கும் முரட்டுப் பாய்க்கும் பெரிய கடகத்துக்கும் இது.

• ஈர்க்கு: ஓலையின் நடு நரம்பு. பெட்டியின் விளிம்புக்குப் பலம் கொடுக்க உதவும்.

• நார்: மட்டையிலிருந்து உரிப்பது. கட்டில் பின்னவும், பெட்டியின் வாய் கட்டவும், சுளகு கட்டவும் இது.

• தும்பு: மட்டையின் அடிப்பகுதியிலிருந்து எடுப்பது. பிரஷ், துடைப்பம் செய்ய இது போகும்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பனைக்கு வளரும் குருத்து ஒன்றுதான். ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் குருத்து எடுத்தால் மரம் நலிந்துபோகும். மரம் மாற்றி மாற்றி எடுக்கச் சொல்லுங்கள். ஓலை வெட்டித் தருகிறவருக்குக் கூலியைச் சரியாகக் கொடுங்கள். உயிரைப் பணயம் வைத்து ஏறுகிற வேலை அது.

வேலையின் வரிசை இது. குருத்தோலையை நன்றாகக் காய வைக்க வேண்டும். ஈர்க்கை எடுத்துவிட்டு, வேண்டிய அகலத்துக்கு ஒரே அளவாக வாற வேண்டும். சாயம் வேண்டுமானால் கொதிக்கும் சாயத் தண்ணீரில் போட்டு எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். பின்னும் முன் லேசாக ஈரம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓலை ஒடியும். பின்னி முடித்த பிறகு ஈரம் கொஞ்சமும் இல்லாமல் காய வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டி பூசணம் பிடிப்பதற்குக் காரணம் உள்ளே தங்கிய ஈரம்தான். பூசணம் பிடித்த ஒரு பெட்டி போனால், வாங்கியவர் அடுத்த தடவை நம்மைக் கூப்பிட மாட்டார்.

5. கணக்கு: ஒரு பெட்டிக்கு என்ன விலை?

இப்போது நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பது உதாரணக் கணக்கு மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூடி போட்ட ஒரு சிறிய ஓலைப் பெட்டி:

ஓலை – 12 ரூபாய்
சாயம் – 3 ரூபாய்
விறகு அல்லது கேஸ் – 2 ரூபாய்
விளிம்பு நூல் – 3 ரூபாய்
பொருள் செலவு மொத்தம் – 20 ரூபாய்

நேரம்: ஓலை வாற அரை மணி. பின்ன ஒன்றரை மணி. விளிம்பு கட்டி முடிக்க அரை மணி. மொத்தம் இரண்டரை மணி நேரம்.

உங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் கூலி 400 ரூபாய், எட்டு மணி நேரம் வேலை என்று வைத்துக்கொள்வோம். 400-ஐ 8-ஆல் வகுத்தால் மணிக்கு 50 ரூபாய். இரண்டரை மணிக்கு 125 ரூபாய்.

பொருள் 20, கூலி 125. ஆக 145 ரூபாய். ஒடிந்த ஓலை, சரியாக வராத பெட்டி, பஸ் கட்டணம் என்று 15 ரூபாய் சேர்த்தால் 160 ரூபாய். இதுதான் அந்தப் பெட்டியின் அடக்க விலை. லாபம் இன்னும் சேர்க்கவில்லை.

இப்போது ஒருவர் வந்து, "அறுபது ரூபாய்க்குக் குடுங்கக்கா, ஓலைதானே?" என்கிறார். கொடுத்தால் என்ன ஆகும்? 60-இல் பொருள் செலவு 20 போனால் 40. அதை இரண்டரை மணியால் வகுத்தால் மணிக்கு 16 ரூபாய். எட்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்தாலும் 128 ரூபாய்தான். காட்டு வேலைக் கூலியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. "ஓலைதானே" என்ற அந்தச் சொல்லில் நம் இரண்டரை மணி நேரம் காணாமல் போகிறது.

உடனே சில சகோதரிகள் கேட்பீர்கள்: "160 ரூவா சொன்னா யாரு வாங்குவா?" நியாயமான கேள்வி. மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, நேரத்தைக் குறைப்பது. ஒருவர் வாற, ஒருவர் பின்ன, ஒருவர் விளிம்பு கட்ட என்று குழுவாகப் பிரித்துச் செய்தால் இரண்டரை மணி ஒன்றரை மணிக்கு வரலாம். ஆலையில் பழகிய கைக்கு இது புதிதல்ல.

இரண்டாவது வழி, பொருளை மாற்றுவது. மூடி இல்லாத சாதாரணப் பலகாரப் பெட்டி கால் மணி, அரை மணியில் முடியும். அதைக் குறைந்த விலைக்கு எண்ணிக்கையாக விற்கலாம்.

மூன்றாவது வழி, வாங்குபவரை மாற்றுவது. சந்தையில் 60 ரூபாய் கேட்பவர் வேறு. கல்யாணத் தாம்பூலத்துக்குப் பெயர் பின்னிய பெட்டி கேட்பவர் வேறு. திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறார்கள். அதே ஊரில் சாதாரணப் பாயும் உண்டு, மெல்லிய பட்டுப் பாயும் உண்டு. கோரையை எவ்வளவு மெலிதாகக் கீறுகிறார்களோ அவ்வளவு நாள் கூடுகிறது, அந்த அளவுக்கு விலையும் கூடுகிறது. இரண்டுக்கும் ஒரே விலை அங்கே யாரும் சொல்வதில்லை.

மூன்று வழியும் ஒத்துவரவில்லை என்றால், அந்தப் பெட்டியை விற்காதீர்கள். வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மகளுக்குக் கொடுங்கள். ஆசைக்குச் செய்த பொருளை ஆசையோடு கொடுக்கலாம். விற்பனை என்று வந்தால் கணக்கோடு கொடுக்க வேண்டும். இரண்டையும் கலந்தால்தான் நட்டம்.

6. இறங்கும் முன் கவனிக்க வேண்டியவை

• இருக்கிற வேலையை உடனே விட்டுவிட்டு இதில் இறங்க வேண்டாம். ஆறு மாதம் நோட்டில் வரவு செலவு எழுதிப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

• "டெபாசிட் கட்டுங்க, சாமான் தாரோம், பின்னிக் குடுத்தா நாங்களே வாங்கிக்கிடுதோம்" என்று வருகிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள். வேலை கொடுக்கிறவர் நமக்குத்தான் பணம் தர வேண்டும். சாமானைக் கொடுத்துவிட்டு, "தரம் சரியில்லை" என்று சொல்லி டெபாசிட்டோடு மறைந்துவிடுகிற ஆட்கள் பல ஊர்களில் உண்டு.

• முதல் கடனை இருப்புச் சரக்கு வாங்கப் போடாதீர்கள். ஆர்டர் வந்த பிறகு, அந்த அளவுக்கு மட்டும் உள்கடன் எடுங்கள்.

• ஐம்பது பெட்டி கேட்டால் ஐம்பதும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு மரக்கட்டையை அச்சாக வைத்துக்கொண்டு அதன் மேல் பின்னினால் அளவு மாறாது.

• பிள்ளைகள் விடுமுறையில் ஆசைக்குக் கற்றுக்கொள்ளட்டும். ஆர்டரை முடிக்கப் பள்ளிக்கூடத்தை நிறுத்தக் கூடாது. இந்த வட்டாரத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தீப்பெட்டி ஒட்டியே பள்ளிக்கூடம் போகாமல் இருந்தார்கள். பட்டாசுக்குப் பதில் ஓலை என்று அது மாறிவிடக் கூடாது.

• கண்ணையும் இடுப்பையும் பாருங்கள். ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். ராத்திரி மங்கல் விளக்கில் பின்ன வேண்டாம்.

• தமிழ்நாடு அரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் கைவினைத் தொழிலுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் என்று அறிவிக்கப்பட்டது. வயது, அனுபவம் பற்றிய விதிகளும் அதில் உண்டு. தற்போதைய விதிகளை விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் யாருக்கும் கமிஷன் கொடுக்கத் தேவையில்லை.

7. காசு வராத பக்கம்

இவ்வளவு நேரம் ரூபாய்க் கணக்கு பேசினோம். ரூபாயில் அடங்காத ஒன்றும் இந்த வேலையில் இருக்கிறது.

ஆலையில் என்ன செய்ய வேண்டும், எத்தனை செய்ய வேண்டும் என்று வேறு ஒருவர் சொல்வார். வீட்டில் எல்லாருக்கும் என்ன பிடிக்கும் என்று பார்த்துச் சமைப்போம். ஒரு கூடைக்குச் சிவப்பு வைப்பதா பச்சை வைப்பதா என்பது மட்டும் நம் முடிவு. பல பெண்களுக்கு ஒரு நாளில் தானே எடுக்கிற ஒரே முடிவு அதுவாகக்கூட இருக்கும். மனசு கனத்துப்போன நாட்களில் கை பின்னலில் இருந்தால் கொஞ்சம் இலேசாகிறது என்று எத்தனையோ சகோதரிகள் சொல்கிறார்கள். அதற்கு விலை போட முடியாது, போடவும் வேண்டாம்.

அதனால் ஒரு யோசனை. விற்பனைக்குப் பின்னுகிறவர்களும் வருடத்துக்கு ஒரு பொருளாவது தனக்கென்று, தன் மனம் போலப் பின்னி வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் பெயரையும் வருடத்தையும் போடுங்கள். ஓலையிலும் எழுத்துப் பின்னலாம், கால்மிதியிலும் எழுத்துப் பின்னலாம். எந்த ஆச்சி முடைந்தது என்று தெரியாத பழைய பெட்டிகள் நம் பரண்களில் எத்தனையோ கிடக்கின்றன. அடுத்த தலைமுறைக்கு அந்தக் குறை வேண்டாம்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

ஊக்குநரும் பிரதிநிதியும் இந்தப் பாடத்தை அடுத்த கூட்டத்தில் சத்தமாக வாசித்து, கீழே உள்ளவற்றைக் கலந்து பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதவும்.

1. நம் குழுவில் யாருக்கு என்ன பின்னல் தெரியும்? ஒவ்வொருவர் பெயருக்கு நேராக எழுதுங்கள். "ஒன்றும் தெரியாது" என்பவரிடம் இரண்டாவது தடவை கேளுங்கள்.

2. நம் ஊரில் ஓலை முடைய, நார் உரிக்கத் தெரிந்த மூத்தவர்கள் யார்? அவரிடம் யார் கற்றுக்கொள்வது, எந்தக் கிழமை? கற்றுக்கொடுக்கிற நாளுக்கு அவருக்குக் குழு எவ்வளவு கொடுக்கும்?

3. கடைசியாக நீங்கள் விற்ற கைவேலைப் பொருள் எது? மேலே சொன்ன முறையில் கணக்குப் போட்டால் மணிக்கு எத்தனை ரூபாய் கிடைத்தது?

4. வீட்டில் பட்டாசு வேலை செய்வதில்லை என்று நம் குழு தீர்மானம் போட்டிருக்கிறதா?

இந்த மாத வேலை: ஒரு பொருளைத் தொடங்கும்போது மணியைப் பார்த்து எழுதுங்கள். எழுந்திருக்கும்போது எழுதுங்கள். மறுபடி உட்காரும்போது எழுதுங்கள். முடிந்ததும் கூட்டி, பொருளோடு அந்தத் தாளையும் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுதப் படிக்கச் சிரமம் உள்ள சகோதரிகள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதலாம், அல்லது அரை மணிக்கு ஒரு கோடு போடலாம். கோடுகளை எண்ணினால் நேரம் தெரிந்துவிடும்.

அடுத்த கூட்டத்தில் யார் கேட்டாலும், "சும்மா செய்தேன்" என்று சொல்லாமல், "இத்தனை மணி நேரம் செய்தேன்" என்று சொல்லிப் பழகுவோம்.